கழற்றி மாட்டிய கிட்டார்: ஒரு சின்ன வரலாறு

ஆடி மாதம் வந்துவிட்டால் சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தத்தோடு ஒலிபெருக்கிச் சத்தமும் சேர்ந்துகொள்ளும். மாரியம்மன் பண்டிகை இரவுகளில் எங்காவது ஒரு மேடையில் மெல்லிசைக் கச்சேரி நடக்கும். கீபோர்டு, டிரம்ஸ், தபேலா, இவற்றுக்கு நடுவே ஓர் எலக்ட்ரிக் கிட்டார். இந்த மாதிரி மேடைகளுக்கு வரும் கிட்டார்களில் பல, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி வந்தவை. பெயின்ட் உரிந்திருக்கும். ஆறு சாவிகளில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். வால்யூம் குமிழைத் திருகினால் கரகரவென்று சத்தம் வரும்.

அப்படி ஒரு பழைய கிட்டார் கைக்கு வந்தால் என்ன செய்வது? இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கொண்டுவருவது. இன்னொன்று, வாசிப்பவரின் கைக்கும் பாட்டுக்கும் ஏற்றபடி மாற்றிவிடுவது. முதல் கட்சிக்காரர்கள் இரண்டாம் கட்சியைப் பார்த்து "நல்ல பொருளைக் கெடுக்கிறார்கள்" என்பார்கள். இரண்டாம் கட்சியோ "கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவா வாங்கினோம்?" என்று கேட்கும்.

யார் சொல்வது சரி? பதில் தேடினால் கலிஃபோர்னியாவுக்கும் போக வேண்டியிருக்கிறது, தஞ்சாவூருக்கும் போக வேண்டியிருக்கிறது.

நான்கு ஸ்க்ரூக்கள்

1831ல் மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். சரியாக 100 வருடம் கழித்து 1931ல் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் அந்தத் தத்துவத்தை ஒரு கிட்டாருக்குள் வைத்தார். காந்தத்தைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் சுருளில் சின்ன மின்னோட்டம் பிறக்கும். அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பினால் இசை. அடால்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து அவர் 1932ல் விற்பனைக்குக் கொண்டுவந்த அந்தக் கருவி பார்க்க வாணலி மாதிரி இருந்ததால் "ஃப்ரையிங் பேன்" என்றே பெயர் வந்துவிட்டது. ஒரு சுவாரசியமான விஷயம்: அது மடியில் படுக்க வைத்து, கம்பி மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஹவாய் கிட்டார். நம் ஊர் கோட்டுவாத்தியம் வாசிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்!

அடுத்து லெஸ் பால். 1940 வாக்கில் நியூயார்க்கில் எபிஃபோன் தொழிற்சாலையில் ஒரு பைன் மரக் கட்டையை எடுத்து அதில் கம்பியும் பிக்கப்பும் பொருத்தினார். கட்டையாக இருந்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்களே என்று ஒரு எபிஃபோன் கிட்டாரை இரண்டாக அறுத்து இரு பக்கமும் ஒட்டினார். அதாவது, எலக்ட்ரிக் கிட்டாரின் முன்னோடிகளில் ஒன்றே பழைய கிட்டாரை அறுத்துச் செய்த ஒட்டுவேலைதான்.

மூன்றாவது ஆள் லியோ ஃபெண்டர். காமர்ஸ் மாணவர்கள் இவரைக் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்கலாம். கல்லூரியில் படித்தது அக்கவுண்டிங். கணக்கு எழுதும் வேலை பார்த்துவிட்டு 1938ல் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது! ஆனால் ஒரு பொருள் பழுதாகி வந்தால் எதைக் கழற்ற வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்பது ரிப்பேர்காரருக்குத் தெரியும் இல்லையா? 1950ல் அவர் கொண்டுவந்த கிட்டார்தான் அடுத்த வருடம் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றது. அதில் கழுத்துப் பகுதியைப் பசை போட்டு ஒட்டவில்லை. நான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். கழுத்து கெட்டுப்போனால் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி வேறு கழுத்தை மாட்டிக்கொள்ளலாம். 1954ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் அதே முறைதான்.

தயாரிப்புச் செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடு அது. ஆனால் அதன் பலன் வேறு பக்கம் போனது. வாசிக்கிறவன் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும், கிட்டாரின் பாதியை மாற்றிவிடலாம் என்ற நிலை வந்தது.

இரண்டு கணக்கு

அந்த நிலையை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்களில் ஒருவர் எரிக் கிளாப்டன். 1970ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துக் கடை ஒன்றில் ஆறு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை வாங்கினார். அப்போது அவற்றுக்குப் பெரிய மவுசு இல்லை. மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதி மூன்றிலிருந்து நல்ல பாகங்களாகப் பொறுக்கி ஒரே கிட்டாராக்கினார். "பிளாக்கி" என்ற அந்தக் கிட்டாரைப் பல வருடங்கள் மேடையில் வாசித்தார். 2004ல் போதை மீட்பு மையம் ஒன்றுக்கு நிதி திரட்ட அது ஏலத்துக்கு வந்தபோது 9,59,500 டாலருக்குப் போனது.

எட்டி வான் ஹேலன் கதை இன்னும் வேடிக்கை. 1970களில் 50 டாலருக்கு ஓர் உடல், 80 டாலருக்கு ஒரு கழுத்து வாங்கி, பழைய கிப்ஸன் கிட்டார் ஒன்றிலிருந்து எடுத்த பிக்கப்பைச் செருகி, ஸ்ப்ரே பெயின்டில் கோடுகள் போட்டுக்கொண்டார். அந்த ஒட்டுப்போட்ட கிட்டாரின் சத்தத்தைப் பிடிக்கத்தான் பிறகு எத்தனையோ பேர் காசைக் கொட்டினார்கள்.

இதே காலத்தில் எதிர்த் திசையிலும் ஒரு சந்தை வளர்ந்தது. ஃபெண்டர் கம்பெனியை 1965ல் சி.பி.எஸ். நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் பிறகு தரம் குறைந்துவிட்டது என்று வாசிப்பவர்கள் பேச ஆரம்பித்தார்கள். விளைவு, 1965க்கு முந்தைய கிட்டார்களுக்கு விலை ஏறியது. சாதாரணமாக எந்தப் பொருளுக்கும் வருடா வருடம் தேய்மானம் எழுதுவோம். இங்கே தேய்மானம் தலைகீழாக ஓடியது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: எதையும் மாற்றியிருக்கக் கூடாது. சாவி, ஸ்க்ரூ, ஏன் உள்ளே இருக்கும் ஈயப் பற்று வரைக்கும் பழையதாகவே இருக்க வேண்டும். மறுபடி பெயின்ட் அடித்திருந்தால் விலை பாதியாகக்கூட இறங்கிவிடும்.

ஆக, ஒரே கிட்டாருக்கு இரண்டு கணக்குப் புத்தகங்கள். ஒன்றில் சந்தை விலை. இன்னொன்றில் வாசிப்பின் விலை. பிளாக்கி மாதிரி அபூர்வமான சில இடங்களில்தான் இரண்டும் ஒத்துப்போகின்றன.

இங்கே வந்த கிட்டார்கள்

இந்தியாவில் 1991க்கு முன்னால் வெளிநாட்டுக் கிட்டார் வாங்குவது லேசான காரியம் இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாடு, சுங்க வரி, அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு எல்லாம் குறுக்கே நின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் யாராவது கொண்டுவந்தால் உண்டு. இல்லையென்றால் இங்கேயே செய்ததை வாங்க வேண்டும். கல்கத்தாவிலிருந்து "கிவ்ஸன்" கிட்டார்கள் வந்தன. அமெரிக்க கிப்ஸனை நினைவுபடுத்தும் பெயர்தான்! சென்னை அண்ணா சாலையில் 1842ல் மிஸ்க்வித் என்பவர் தொடங்கிய கடை, பிறகு மியூஸி மியூசிகல் என்ற பெயரில் தமிழ்நாட்டு இசைக்காரர்களுக்கு முக்கியமான முகவரி ஆனது. லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுகளும் அதன் வழியாகவே நடந்துவந்தன. அந்த டிரினிட்டி தேர்வில் கிளாசிக்கல் கிட்டாருக்குத் தங்கப் பதக்கம் வாங்கியவர் இளையராஜா. 1976ல் அன்னக்கிளி வந்த பிறகு கிட்டாரும் பேஸ் கிட்டாரும் தமிழ்க் காதுகளுக்கு எவ்வளவு நெருக்கமாயின என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டு ஊருக்கு ஊர் பரவியது. கருவி அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. அதனால் ஒரு கிட்டார் வந்துவிட்டால் அதை எளிதில் தூக்கிப்போட முடியாது. ரிப்பேர் செய்துதான் ஆக வேண்டும்.

இதற்கு வெளிநாட்டு நிபுணர் தேவைப்படவும் இல்லை. பிக்கப் என்பது என்ன? முடியைப் போன்ற மெல்லிய எனாமல் பூசிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய சுருள். கம்பி எங்கோ ஓரிடத்தில் அறுந்தால் பிக்கப் ஊமையாகிவிடும். பழைய கம்பியைப் பிரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றினால் மறுபடி பேசும். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் நடப்பதும் இதே வேலைதான். கம்பியின் தடிமன் வேறு, சுற்றின் எண்ணிக்கை வேறு. தத்துவம் ஒன்று. சுற்று கூடினால் சத்தம் கூடும், ஆனால் ஒலியின் கூர்மை கொஞ்சம் மழுங்கும். எத்தனை சுற்று என்பது ருசியைப் பொறுத்த விஷயம்.

கமகம் கேட்ட கேள்வி

ரிப்பேர் வரைக்கும் உலகம் முழுக்க ஒரே கதை. தென்னிந்தியாவில் கிட்டார் இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கேள்வியின் பெயர் கமகம்.

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள், அதாவது ஃப்ரெட்டுகள், ஸ்வரங்களைத் தனித்தனிப் படிகளாக நிறுத்திவிடுகின்றன. நம் ராகங்களோ படியில் நிற்பதில்லை. ஒரு ஸ்வரம் அசையும், வழுக்கும், பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும். அந்த அசைவு இல்லாவிட்டால் தோடியைத் தோடி என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வீணையிலும் மெட்டுகள் உண்டே, அது எப்படிச் சமாளிக்கிறது? வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் உயரமாக உட்கார்ந்திருக்கின்றன. கம்பிக்குக் கீழே இடம் இருப்பதால் விரல் கம்பியைப் பக்கவாட்டில் தாராளமாக இழுக்கலாம். இழுத்தால் இழுவிசை கூடும், சுருதி ஏறும். மெழுகு நாள்பட இறுகி, இளகி, சுருதி பிசகும்போது மெட்டுகளை எடுத்துவிட்டு மறுபடி வைப்பார்கள். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். பழையதைப் புதுப்பிப்பது என்பது வீணையின் பிறப்போடு வந்த விஷயம். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் வீணை இன்றைய 24 மெட்டு அமைப்புக்கு வந்தது என்பார்கள்.

வெளியிலிருந்து வந்த கருவிக்கும் இதே மரியாதைதான் கிடைத்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் 1786ல் பிறந்தவர். ஐரோப்பியர்களிடமிருந்து வயலினைக் கற்று, அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். நின்றுகொண்டு வாசித்த கருவி சம்மணமிட்டு உட்கார்ந்தது. அதன் தலை கணுக்கால் பக்கம் வந்தது. கம்பிகளின் சுருதி ஸ பா ஸ பா என்று மாறியது. இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை நினைத்துப் பார்க்க முடிகிறதா? வயலினை மாற்றியதால் வயலின் கெட்டுப்போனது என்று யாரும் சொல்வதில்லை.

வீணையிடம் கிட்டார் படித்த பாடம்

ஜான் மெக்லாஃப்லின் இங்கிலாந்துக்காரர், எலக்ட்ரிக் கிட்டாரில் பெயர் எடுத்தவர். அவர் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். அந்தப் பாடம் அவர் கிட்டாரின் மரத்தையே மாற்றியது. 1970களின் நடுவில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு "ஷக்தி" குழுவை நடத்தியபோது, அவருக்காக ஆபிரகாம் வெக்டர் ஒரு தனிக் கிட்டார் செய்தார். ஃப்ரெட்டுகளுக்கு நடுவே இருந்த மரம் கிண்ணம் போலக் குழிவாகச் செதுக்கப்பட்டது. குறுக்கே ஏழு துணைக் கம்பிகள் சேர்ந்தன. மரத்தைக் குடைந்ததும் விரலுக்குக் கீழே உரசல் போய்விட்டது. வீணையில் இழுப்பது போல இழுக்க முடிந்தது. அது அகூஸ்டிக் கிட்டார். பிறகு அதே குடைந்த கழுத்தை அவர் எலக்ட்ரிக் கிட்டாருக்கும் கொண்டுபோனார்.

இதைவிட நமக்கு நெருக்கமான கதை மாண்டலின் ஸ்ரீனிவாஸுடையது. ஆந்திராவில் பாலக்கொல்லு என்ற ஊரில் 1969ல் பிறந்தார். தந்தை சத்யநாராயணா கிளாரினெட் வாசிப்பவர். வீட்டில் இருந்த மாண்டலினை ஆறு வயதில் பையன் எடுத்துக்கொண்டான். குரு ருத்ரராஜு சுப்பராஜு செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் வாசிப்பான். பாட்டைக் கேட்டுக் கற்ற கைக்குப் பாட்டில் இருக்கும் அசைவெல்லாம் வேண்டும். கருவியோ அதற்கு இடம் கொடுக்காத ஜாதி.

மாண்டலினில் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி. ஜோடிக் கம்பியை ஒரே அளவு இழுப்பது கஷ்டம். ஒன்று ஏறும், மற்றது பின்தங்கும், ஸ்வரம் இரண்டாகப் பிளந்துவிடும். கம்பி குட்டையானதால் மீட்டிய ஒலி சீக்கிரம் அணைந்தும் விடும். ஸ்ரீனிவாஸ் ஜோடிகளை விட்டுவிட்டு ஒற்றைக் கம்பிகளுக்கு மாறினார். கீழ் ஸ்தாயிக்காக ஐந்தாவது கம்பி ஒன்றைச் சேர்த்தார். கட்டையான உடலும் பிக்கப்பும் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கொண்டதால் ஒலி நின்று ஒலித்தது. உருவத்திலும் உள்ளே நடப்பதிலும் அது எலக்ட்ரிக் கிட்டாரின் தம்பிதான்.

1978ல் குடிவாடாவில் முதல் கச்சேரி. 1981ல் சென்னையில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில். மேல்நாட்டுக் கருவி, அதிலும் கரண்ட்டில் ஓடுவது, இதில் கர்நாடக சங்கீதமா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். கேட்ட பிறகு அந்தச் சந்தேகம் கரைந்தது. 1983ல் பெர்லின் ஜாஸ் விழா. 1995ல் மைக்கேல் புரூக்கோடு "ட்ரீம்" ஆல்பம். இந்த புரூக், ஒலி அணையாமல் எவ்வளவு நேரமும் நிற்கும்படி எலக்ட்ரிக் கிட்டாரை மாற்றி "இன்ஃபினிட் கிட்டார்" செய்தவர்! 1998ல் பத்மஸ்ரீ. பிறகு "ரிமெம்பர் ஷக்தி" குழுவில் மெக்லாஃப்லினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசித்தார். வீணையைப் பார்த்து மாறிய கிட்டாரும், பாட்டைக் கேட்டு மாறிய மாண்டலினும் ஒரே மேடையில்! 2014 செப்டம்பர் 19ல் ஸ்ரீனிவாஸ் மறைந்தபோது அவருக்கு வயது 45தான்.

ஆனால் நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1980களில் சுகுமார் பிரசாத் எலக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடகக் கச்சேரி செய்தார். ராணிப்பேட்டையில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்த பிரசன்னா, குடைந்த கழுத்தோ துணைக் கம்பியோ இல்லாத வழக்கமான கிட்டாரிலேயே கமகத்தைக் கொண்டுவந்தவர். விரலே வேலையைச் செய்துவிடும் என்றால் மரத்தை ஏன் செதுக்க வேண்டும்? இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மாற்றுவதற்கு முன்னால், குறை கருவியிடமா கையிடமா என்று பார்ப்பது நல்லது.

திரும்பி வர ஒரு வழி

சரி, முதல் கேள்விக்கு வருவோம். பழைய கிட்டாரைப் பழையபடி ஆக்குவதா, மாற்றுவதா?

மேலே பார்த்தவர்கள் யாரும் மாற்றவேண்டும் என்பதற்காக மாற்றவில்லை. பாட்டு ஒன்றைக் கேட்டது, கருவியில் அது இல்லை, மாற்றினார்கள். ஆகவே பழைய கிட்டாருக்குச் செய்ய வேண்டிய முதல் வேலை, அது இப்போது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது. ஆறு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 40 கிலோ விசையோடு இழுத்துக்கொண்டே இருக்கின்றன. வருடக்கணக்கில் அப்படி இழுபட்ட மரம் வளைந்திருக்கலாம். கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைக் கால் திருகு திருகி, ஒரு நாள் விட்டுப் பார்த்து, மறுபடி கால் திருகு. அவசரப்பட்டால் உடையும். கரகர சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் குமிழுக்குள் சேர்ந்த தூசியும் விட்டுப்போன ஈயப் பற்றும்தான். பள்ளம் விழுந்த ஃப்ரெட்டுகளைச் சமமாக உரசி எடுக்கலாம். இவ்வளவும் செய்த பிறகுதான் கருவியின் உண்மையான குரல் கேட்கும். பல பேர் இதற்கு முன்பே புது பிக்கப் வாங்கிவிடுகிறார்கள்.

அடுத்தது மாற்றம். இங்கே ஒரு கோடு இருக்கிறது. பிக்கப், சாவி, குமிழ், பாலம் இவற்றை மாற்றினால் நாளைக்குத் திருப்பி வைக்கலாம். கழற்றிய பாகங்களை ஒரு பையில் போட்டு எழுதி வைத்தால் போதும். பெரிய பிக்கப்புக்காக உடலைக் குடைந்தால், பழைய பெயின்டைச் சுரண்டினால், கழுத்தின் மரத்தைச் செதுக்கினால் திரும்பி வர முடியாது. அந்த மரத்தோடு அது எந்தக் காலத்தில் எப்படிச் செய்யப்பட்டது என்ற சாட்சியமும் போய்விடும். முதல் கட்சிக்காரர்களின் கவலையில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு.

இங்கேதான் ஃபெண்டரின் நான்கு ஸ்க்ரூக்கள் மறுபடி உதவிக்கு வருகின்றன. குடைந்த கழுத்து வேண்டுமா? பழைய கழுத்தைக் கழற்றித் துணியில் சுற்றி வை. மலிவான கழுத்து ஒன்றைக் குடைந்து மாட்டு. இரண்டு கட்சியும் ஒரே கிட்டாரில் குடியிருக்கலாம்.

அம்மாபேட்டைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கவே வேண்டாம். ஜக்கார்டு என்பது ஃபிரான்ஸில் 1804ல் வந்த கருவி. அது இந்த ஊர்த் தறிகளுக்கு வந்தபோது தறியை உடைத்துவிட்டு வரவில்லை. மேலே ஒரு பெட்டியாக ஏறி உட்கார்ந்தது. கீழே பாவு, அச்சு, நாடா எல்லாம் அப்படியே இருந்தன. சேலைக்குப் புதுக் கரை வந்தது.

ஆடிப் பண்டிகை மேடையில் அந்தப் பெயின்ட் உரிந்த கிட்டார் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறது. வேறு நிறத்தில் இருக்கும் அந்த ஒற்றைச் சாவி யாரோ ஒருவர் அதை விட்டுவிடாமல் காப்பாற்றியதன் அடையாளம்.